கோட்டுக்கும் துடக்கு உண்டு

இந்தக் கிழமை எபிசோட்டில் "சோர்ஸ் கோட் ஸ்கானர்" என்ற சொல் நாலைந்து தரம் வந்து போனது. விளக்க நேரம் கிடைக்கவில்லை. ஒரு புரோகிராமை ஓடவிடாமல், அதன் மூலக் கோட்டை மட்டும் வாசித்து, "இந்த இடத்தால கள்ளன் உள்ள வரலாம்" என்று காட்டித் தருகிற கருவிதான் அது. கேட்க லேசாக இருக்கும். ஆனால் அதன் கதை நாங்கள் வளர்ந்த இந்த நாட்டோடு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கிறது. இந்தக் கருவிகளின் மூளையில் ஒரு நல்ல பங்கு டென்மார்க்கில்தான் பிறந்தது. இந்தக் கருவிகள் பிடிக்க வேண்டிய வகைப் பிழைகளால் அடி வாங்கியதும் இதே டென்மார்க்தான். இரண்டையும் சேர்த்து இன்றைக்கு ஆறுதலாகப் பார்ப்பம்.

ஒரு பக்கெற், பதினொரு கொம்பனி

2023 மே 11. டென்மார்க்கின் எரிசக்தி நிறுவனங்கள் 16 மீது ஒரே நேரத்தில் ஒரு தாக்குதல் நடந்தது. 11 இடங்களில் அது உடனேயே பலித்தது. அந்த மாதத்துக்குள் மொத்தம் 22 நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன. இந்தத் துறையின் வலைப்பின்னல்களைக் கண்காணிக்கிற ஸெக்டர்சேர்ட் என்ற அமைப்பு அதே வருஷம் நவம்பரில் ஒரு அறிக்கை வெளியிட்டது. டென்மார்க்கின் முக்கிய உட்கட்டமைப்பு மீது அதுவரை நடந்த சைபர் தாக்குதல்களில் இதுவே மிக விரிவானது என்றது அந்த அறிக்கை. சில நிறுவனங்கள் இன்ரர்நெற் இணைப்பையே துண்டித்துவிட்டு, தனித்தீவு மாதிரி இயங்க வேண்டி வந்தது. நல்ல காலம், யாருடைய வீட்டிலும் கரண்ட் போகவில்லை, ஃபியெர்ன்வாம குளிரவில்லை.

உள்ளே வந்த வழி ஸைக்ஸெல் என்ற தைவான் கொம்பனியின் ஃபயர்வோல். ஓம், காவலுக்கு வைத்த நாயே கதவைத் திறந்துவிட்டது. சிவிஈ-2023-28771 என்பது அந்த ஓட்டையின் பதிவு எண். விசயம் இதுதான்: விபிஎன் இணைப்புக்காக வெளியிலிருந்து ஒரு பக்கெற் வருகிறது. அதில் ஏதும் பிழை இருந்தால் ஃபயர்வோல் ஒரு பிழைச் செய்தியைக் கையாள வேணும். அதைக் கையாண்ட விதத்தில்தான் கோளாறு. வந்தவன் பக்கெற்றுக்குள் வைத்து அனுப்பிய எழுத்துக்கள், ஃபயர்வோலின் இயங்குதளத்துக்குக் கட்டளையாகப் போய் ஓடக்கூடிய நிலை இருந்தது. பாஸ்வேர்ட் தேவையில்லை. ஒரேயொரு யுடிபி பக்கெற், 500 ஆம் போர்ட், அவ்வளவுதான்.

திருத்தம் ஏப்ரல் 25 இலேயே வந்துவிட்டது. ஸெக்டர்சேர்ட் மே 1 இல் தன் உறுப்பினர்களை எச்சரித்தும் இருந்தது. பிறகு ஏன் பலர் போடவில்லை? அறிக்கையில் உள்ள காரணங்களை வாசித்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும். "ஃபயர்வோல் புதுசுதானே, அதில கடைசி வெர்ஷன் இருக்கும்தானே" என்று நினைத்தவர்கள் உண்டு. சப்ளையர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தவர்கள் உண்டு. போட்டுத் தர சப்ளையர் காசு கேட்டதால் வேண்டாம் என்றவர்கள் உண்டு. அப்படி ஒரு பெட்டி தங்களிடம் இருப்பதே தெரியாதவர்களும் உண்டு.

இதெல்லாம் வாங்கியவர் பக்கத்துக் கதை. எனக்கு நிற்கிற கேள்வி அதுக்கு முந்தியது: இந்தப் பிழை எழுதப்பட்ட அன்றைக்கே யாராவது கண்டிருக்கலாமா?

அம்மம்மாவின் அல்கோரிதம்

அம்மம்மா இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் "துடக்கு" தெரிந்திருக்கும். செத்த வீட்டுக்குப் போய் வந்தால் தோயாமல் சாமி அறைக்குள் போகக் கூடாது. தோயாமல் எதையாவது தொட்டால் அதுக்கும் துடக்கு. அதை எடுத்தவருக்கும் துடக்கு. தோய்ந்தால் போய்விடும். இந்த வழக்கத்தை நாங்கள் ஏற்க வேணுமா, அதன் பெயரில் யாருக்கெல்லாம் அநியாயம் நடந்தது என்பது தனி எபிசோட். ஆனால் அதன் லொஜிக்கை மட்டும் எடுத்துப் பாருங்கோ. ஸ்கானர்கள் செய்வது அச்சொட்டாக அதைத்தான்.

ஸ்கானருக்கு மூன்று பட்டியல் வேணும். முதலாவது, துடக்கு எங்கிருந்து வருகிறது: வெப் ஃபோர்ம், இன்ரர்நெற்றால் வரும் பக்கெற், யாரோ ஏற்றிய ஃபைல். அதாவது வெளியாள் கை பட்ட எல்லாம். இரண்டாவது, சாமி அறை எது: டேட்டாபேஸுக்குப் போகும் கேள்வி, இயங்குதளத்துக்குப் போகும் கட்டளை, மற்றவரின் பிரவுசரில் தெரியப் போகும் பக்கம். மூன்றாவது, எது தோய்தல்: வந்த எழுத்துக்களைச் சரிபார்த்து, அவை கட்டளையாக மாற முடியாதபடி செய்கிற ஃபங்ஷன்கள்.

பட்டியல்கள் கிடைத்ததும் ஸ்கானர் கோட்டுக்குள் நடக்கத் தொடங்கும். வெளியிலிருந்து வந்த மதிப்பு இந்த வேரியபிளுக்குப் போகிறது; வேரியபிளுக்குத் துடக்கு. அதை இன்னொரு சொல்லோடு ஒட்டினால் ஒட்டி வந்த சொல்லுக்கும் துடக்கு. அதை ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் உள்ளே போயும் துரத்தும். எங்காவது தோயாமல் சாமி அறை வாசலை மிதித்தால் அலாரம்: "27 ஆம் வரியில் வந்தது 412 ஆம் வரியில் கட்டளையாகப் போகிறது" என்று வழி முழுக்கக் கோடு போட்டுக் காட்டும்.

இதில் ஒரு நுணுக்கம். ஒவ்வொரு அறைக்கும் தோய்தல் வேறு. பிரவுசரில் காட்டுவதற்காகச் சுத்தம் செய்த எழுத்து, டேட்டாபேஸுக்குள் போக இன்னும் துடக்குத்தான். "நாங்கள் இன்புட்டைக் கழுவிப்போட்டம்" என்று ஒரு ரீம் சொன்னால், "எந்த அறைக்கு?" என்று திருப்பிக் கேளுங்கோ. பாதி நேரம் மறுமொழி வராது.

ஸைக்ஸெல் பிழையை இந்தக் கண்ணால் பார்த்தால் விளங்கும். பக்கெற் என்ற செத்த வீட்டில் இருந்து, பிழைச் செய்தி என்ற வழியால், கட்டளை என்ற சாமி அறைக்கு. ஒரு ஸ்கானர் நிச்சயம் பிடித்திருக்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். அந்தக் கோட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் வெளியாள் எழுத்து கட்டளைக்குள் போவது இந்தத் துறையின் அரிச்சுவடிப் பாடம்.

பாஸ்போட்டில் ஒரு பேர், வீட்டில் ஒரு பேர்

துரத்துவது லேசான வேலை இல்லை. எங்கட ஆக்களை எடுங்கோ. சிபிஆரில் ஒரு பேர் இருக்கும். வீட்டில் "அப்பன்". மாமி "குட்டி" என்பார். ஃபுட்போல் கிளப்பில் டெனிஷ் வாய்க்கு ஏற்ற இன்னொரு பேர். "அப்பனுக்குத் துடக்கு" என்று தெரிந்தவருக்கு, சாமி அறைக்குள் போகிற "குட்டி"யும் அதே ஆள்தான் என்று தெரியாவிட்டால் முழுக் கணக்கும் பிழை.

சி போன்ற மொழிகளில் பொயின்ரர் என்பது இந்த வீட்டுப் பெயர்தான். ஒரே நினைவக இடத்துக்குப் பத்துப் பெயர் இருக்கலாம். ஒரே பெயர் புரோகிராம் ஓட ஓட வேறு வேறு இடத்தைக் குறிக்கலாம். ஓடவிடாமலே, வாசித்து மட்டும், "இந்தப் பெயர் யார் யாரைக் குறிக்கக் கூடும்?" என்று கண்டுபிடிக்க வேணும்.

இதுக்கு இன்றைக்கும் உலகம் முழுக்கப் படிப்பிக்கப்படுகிற விடை 1994 இல் கொப்பன்ஹேகனில் எழுதப்பட்டது. கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையான டீகூவில் லாஸ் ஓல ஆனசன் என்பவர் சி மொழி பற்றிச் செய்த முனைவர் பட்ட ஆய்வு அது. வழிமுறை அழகானது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பட்டியல் வை. "அ = ஆ" என்று ஒரு வரி கண்டால், ஆ குறிக்கக்கூடிய எல்லாரையும் அ வின் பட்டியலிலும் சேர். எந்தப் பட்டியலும் இனி வளராது என்ற நிலை வரும் வரைக்கும் திரும்பத் திரும்பச் செய். அவ்வளவுதான். ஆனசனின் நோக்கம் பாதுகாப்பு இல்லை. புரோகிராம்களை ஒரு குறிப்பிட்ட தேவைக்கு ஏற்றபடி செதுக்கி வேகமாக்குவது. ஆனால் இன்று ஜிசிசி கொம்பைலருக்குள்ளே அவருடைய பாணிக் கணக்குத்தான் ஓடுகிறது. பாதுகாப்பு ஆய்வுக் கருவிகள் பலவற்றின் அத்திவாரமும் அதுதான். இரண்டு வருஷம் கழித்து, 1996 இல், மைக்ரோசொஃப்ட் ஆய்வுப் பிரிவில் இருந்து பியார்ன ஸ்டேன்ஸ்கோ இன்னொரு வழியைச் சொன்னார்: துல்லியம் குறைவு, வேகம் மிக அதிகம். பாடப்புத்தகங்களில் இந்த இரண்டு டெனிஷ் பெயர்களும் சோடியாகத்தான் வரும்.

பிழை தின்னும் பொறிவண்டு

வேறொரு பாதையும் உண்டு. துடக்கைத் துரத்தாமல், பிழையின் உருவத்தைச் சொல்லித் தேடுவது.

2000 களின் நடுவில் டீகூவில் ஜூலியா லோவல், பிரான்சின் நான்ற் நகரில் ஜில் முலேர், யோவான் பாடியோலோ, பிறகு ஓல்போர்க் பல்கலைக்கழகத்தில் ரெனே ரூடொஃப் ஹன்சன் என்று ஒரு குழு லினக்ஸ் கேர்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேர்னலின் ஒரு பொதுப் பகுதியை யாராவது மாற்றினால், அதைப் பாவிக்கிற நூற்றுக்கணக்கான ட்ரைவர்களிலும் அதே மாற்றத்தைக் கையால் செய்ய வேண்டி வரும். கை அலுத்தால் பிழை வரும். அதுக்காக அவர்கள் செய்த கருவியின் பெயர் கொக்சினெல். பிரெஞ்சில் பொறிவண்டு, டெனிஷில் மரியஹோன. பூச்சியைத் தின்னும் பூச்சி.

அதன் விசேஷம், நீங்கள் தேடுவதைக் கிட்டத்தட்ட கோட்டாகவே எழுதலாம். "நினைவகம் கேட்டார்கள், கிடைத்ததா என்று பார்க்காமலே பாவித்தார்கள்" என்ற உருவத்தை நாலு வரியில் எழுதிக் கொடுத்தால், வேரியபிள் பெயர் எதுவாக இருந்தாலும், நடுவில் வேறு பத்து வரி கிடந்தாலும், கேர்னல் முழுக்கத் தேடி எடுத்துத் தரும். வேணுமென்றால் திருத்தியும் தரும். 2010 முதல் கேர்னலின் சோர்ஸுக்குள்ளேயே கொக்சினெல்லுக்கென்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. 2018 இல் அந்தக் குழு திரும்பிப் பார்த்தபோது, கேர்னலில் 6000 க்கு மேற்பட்ட மாற்றங்கள் இந்தக் கருவியோடு வந்திருந்தன. உங்கட அன்ட்ரொயிட் ஃபோனுக்குள் இருப்பதும் அதே கேர்னல்தான்.

இந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் 2011 இல் இன்னொரு வேலையும் செய்தார்கள். பத்து வருஷம் முதல் ஸ்ரான்ஃபோர்டில் ஒரு குழு லினக்ஸை அலசி, பிழை அதிகம் கிடப்பது ட்ரைவர்களில்தான் என்று சொல்லியிருந்தது. திரும்பவும் எண்ணிப் பார்த்தார்கள். கேர்னல் இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்திருந்தது, ஆனால் வரிக்கான பிழை வீதம் குறைந்திருந்தது. எண்ணிக்கையில் ட்ரைவர்கள் இன்னும் முன்னுக்குத்தான், ஆனால் வீதத்தில் வேறு பகுதிகளை விடக் கீழே போயிருந்தன. எல்லாரும் விரல் நீட்டிய இடத்துக்கு வெளிச்சம் விழுந்தது. வெளிச்சம் விழுந்த இடம் துப்புரவாகியது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

பாடியோலோ பிறகு ஃபேஸ்புக்குக்குப் போனார். இதே எண்ணத்தை வேறு மொழிகளுக்குக் கொண்டு போகும் ஒரு கருவியை அங்கே எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று உங்களில் பலர் வேலையில் பாவிக்கிற செம்கிரெப். அடுத்த முறை பைப்லைனில் அதன் பெயரைக் கண்டால், அதன் பூட்டனில் ஒரு பாதி கொப்பன்ஹேகன்காரன் என்று நினைத்துக்கொள்ளுங்கோ.

மிளகாய் பொரிக்கும்போது அடிக்கிற அலாரம்

இவ்வளவு கெட்டித்தனம் இருந்தால் பிழைகள் ஏன் இன்னும் ஓடித் திரிகின்றன?

முதல் காரணம் கணிதம். எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அதன் நடத்தையைப் பற்றித் தவறாமல் சரியான விடை சொல்கிற ஒரு பொதுக் கருவி இருக்கவே முடியாது என்று ரைஸ் என்பவர் 1953 இல் நிறுவிவிட்டார். ஆகவே ஒவ்வொரு ஸ்கானரும் ஏதோ ஒரு பக்கம் பிழைக்கத்தான் வேணும்: இல்லாத நெருப்புக்குக் கத்தும், அல்லது இருக்கிற நெருப்பைத் தவறவிடும்.

கத்துகிற கதை எங்கட குசினியில் எல்லாருக்கும் தெரியும். செத்தல் மிளகாய் எண்ணெயில் விழுந்த உடனே புகை அலாரம் அடிக்கும். மூன்றாம் முறை அப்பா கதிரையில் ஏறி பற்றரியைக் கழற்றுவார். பிறகு உண்மையாக நெருப்புப் பிடித்தால் வீடு அமைதியாக எரியும். கொன்ராக்டராகப் பல இடங்களுக்குப் போயிருக்கிறேன், கழற்றின பற்றரிகள் நிறையக் கண்டிருக்கிறேன். ஒரு இடத்தில் ஸ்கானர் ஒவ்வொரு இரவும் ஒழுங்காக ஓடியது. ரிப்போட் ஒரு மெயில்பெட்டிக்குப் போனது. அந்தப் பெட்டியின் சொந்தக்காரர் கொம்பனியை விட்டுப் போய் நெடுங்காலம். ஓடிற்றருக்குக் காட்ட "ஸ்கானர் உண்டு" என்று ஒரு சரி அடையாளம் மட்டும் மிச்சம்.

தவறவிட்ட கதைக்குப் பேர்போனது ஹார்ட்பிளீட். 2014 ஏப்ரல் 7 இல் வெளிவந்தது. இன்ரர்நெற்றின் பெரும் பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லில், ஒரு கேள்விக்கு 64 கிலோபைட் வரை சேர்வரின் நினைவகத்தை அள்ளிக் கொடுக்கிற பிழை. கொவெரிட்டி போன்ற பெரிய ஸ்கானர்கள் அதைக் காணவில்லை. வெளிவந்து சில நாளில் கொவெரிட்டி ஆட்கள் ஒரு விதியைச் சேர்த்தார்கள்: பைட் வரிசையைத் திருப்பிப் போடுகிற வரி கண்டால், அந்த மதிப்பு வெளியிலிருந்து வந்தது என்று எடு, துடக்கு என்று குறி. அதே ஸ்கானர் அதே பிழையைப் பிடித்தது. கருவியிடம் வலு இருந்தது. அதுக்கு எதைக் கண்டு பயப்பட வேணும் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

வீண் அலாரத்தைக் குறைக்கவும் இங்கேயே வேலை நடந்திருக்கிறது. ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் ஆனஸ் மொலரும் கூட்டாளிகளும் 2009 இல் ஜாவாஸ்கிரிப்டுக்கான ராஜ்ஸ் என்ற ஆய்வுக் கருவியை வெளியிட்டார்கள். ஜாவாஸ்கிரிப்டை ஓடவிடாமல் வாசித்து விளங்கிக்கொள்வது கஷ்டத்திலும் கஷ்டம். அந்த வழியில் வந்த கொவானா என்ற ஓகூஸ் கொம்பனி ஒரு எளிய கேள்வியைக் கேட்டது: நீங்கள் இறக்கிப் போட்ட பாக்கேஜில் ஓட்டை இருக்கிறது, சரி, உங்கட கோட் அந்த ஓட்டை உள்ள பகுதியை உண்மையில் தொடுகிறதா? தொடாதவற்றைக் கழித்தால் பட்டியல் மனிசன் வாசிக்கக்கூடிய அளவுக்கு வரும். 2025 இல் சொக்கெற் என்ற கொம்பனி கொவானாவை வாங்கியது.

அலாரத்தை அடக்க இன்னொரு வழியும் இருக்கிறது, அதில்தான் ஆபத்து. அநேகமாக எல்லா ஸ்கானரிலும், "இந்த வரியை விடு" என்று கோட்டிலேயே ஒரு குறிப்பு எழுதலாம். வீண் அலாரத்துக்கு அது நியாயமான வழி. ஆனால் டென்மார்க்கில் வளர்ந்த தமிழருக்கு இதை விளக்க ஒரு படம் போதும். தமில்சேன். 1987 முதல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சனின் காலத்தில், குடும்பத்தோடு சேரக் கேட்டுத் தமிழ் அகதிகள் போட்ட விண்ணப்பங்கள் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடப்பட்டன. 1989 ஏப்ரல் 25 அன்று பிரதமர் பவுல் ஸ்லூட்டர் நாடாளுமன்றத்தில் எழுந்து, கம்பளத்துக்கு அடியில் எதையும் கூட்டித் தள்ளவில்லை என்றார். 1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை வந்தது, அரசாங்கம் போனது. அந்த வரிசையில் காத்துக் கிடந்தவர்களில் எங்கட பெற்றோரும் உண்டு. அதனால் சொல்கிறேன்: காரணம் எழுதாமல், பெயர் போடாமல் அடக்கிய ஒவ்வொரு எச்சரிக்கையும் கம்பளத்துக்கு அடியில் போனதுதான். மேலே நடப்பவருக்குத் தரை துப்புரவாகத்தான் தெரியும்.

பத்து இலக்கம் யாருக்குப் புனிதம்?

இப்போ இரண்டாவது டெனிஷ் கதை. 2020 பெப்ரவரியில் ஒரு செய்தி வந்தது. வரித் திணைக்களத்தின் டாஸ்ட்செல் தளத்தில், தொடர்பு விவரத்தைத் திருத்தப் போனவரின் சிபிஆர் நம்பர் வெப் முகவரிக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. பாவனையை அளப்பதற்காகத் தளத்தில் இருந்த கூகுள், அடோபி கருவிகளுக்கு அந்த முகவரி அப்படியே போனது. 2015 பெப்ரவரி தொடக்கம் 2020 ஜனவரி வரை, ஏறத்தாழ ஐந்து வருஷம். 12 லட்சத்து 60 ஆயிரம் பேரின் நம்பர்.

இங்கே கள்ளன் யாரும் இல்லை. வெளியாள் எழுத்து எதுவும் கட்டளையாக மாறவில்லை. கடையில் கிடைக்கிற எந்தப் பொது விதியும் இந்த வரிகளைப் பார்த்து முகம் சுளிக்காது. ஒரு வெப் முகவரிக்குள் ஒரு பத்து இலக்க எண், அதில் என்ன? அது ஒரு மனிசனின் வாழ்க்கைக்கான திறப்பு என்பது இந்த நாட்டில் வாழ்பவருக்குத்தான் தெரியும்.

தத்தலொகி என்ற டெனிஷ் சொல்லையே உருவாக்கியவர், டீகூவின் முதல் பேராசிரியர், 2005 ஆம் வருஷத்து ரூறிங் விருது பெற்றவர் பேட்டர் நௌர். 1985 இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் சாரம் இது: புரோகிராம் என்பது எழுதி வைத்த வரிகள் இல்லை. அதை எழுதியவர்களின் தலைக்குள், அது ஏன் இப்படி இருக்கிறது, வெளி உலகின் எந்தப் பகுதியோடு பொருந்துகிறது என்று இருக்கிற விளக்கம்தான் புரோகிராம். அந்த ஆட்கள் கலைந்து போனால் வரிகள் இருந்தும் புரோகிராம் செத்துவிடும். ஸ்கானருக்குக் கிடைப்பது வரிகள் மட்டும். விளக்கம் உங்களிடம்.

ஆனால் இந்த விளக்கத்தை ஸ்கானருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். டாஸ்ட்செல் பிழைக்கான விதியை எழுதிப் பாருங்கோ: "சிபிஆர் நம்பர் இருக்கிற வேரியபிள் துடக்கு. வெப் முகவரி சாமி அறை." இரண்டே வரி. வழக்கமான திசைக்கு நேர் எதிர். வெளியாள் உள்ளே வராமல் பார்க்கிற அதே கணக்கு, வீட்டு இரகசியம் வெளியே போகாமலும் பார்க்கும். பத்து நிமிஷ வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தை அமெரிக்காவில் இருக்கிற ஸ்கானர் கொம்பனி உங்களுக்காகச் செலவழிக்காது.

"ஏஐ செய்யாதோ?" என்று கேட்பீர்கள். செய்யுது, கொஞ்சம் கொஞ்சமாக. 2024 இல் கூகுளின் பிக் ஸ்லீப் என்ற ஏஐ கருவி, எஸ்கியூலைட்டில் அதுவரை யாரும் காணாத ஒரு நினைவகப் பிழையைக் கண்டது. மறுபக்கம், ஸ்வீடனில் கேர்ல் மென்பொருளைப் பராமரிக்கிற டானியேல் ஸ்டென்பேர்க், ஏஐ எழுதிய போலிப் பிழை அறிக்கைகள் தன் ரீமின் நேரத்தைத் தின்கின்றன என்று பகிரங்கமாக முறையிட்டார். பழைய இரண்டு வியாதியும் அப்படியே: கத்துகிறது, தவறவிடுகிறது. ஏஐயிடமும் உங்கட வீட்டில் எது சாமி அறை என்று நீங்கள்தான் சொல்ல வேணும்.

கோட் கையில் இல்லாதவர்

முதல் கதையில் விட்ட முடிச்சு ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்ட அந்த 22 நிறுவனங்களிடம் ஃபயர்வோலின் சோர்ஸ் கோட் இல்லை. உலகத்தின் மிகச் சிறந்த ஸ்கானரைக் கையில் கொடுத்தாலும் வாசிக்க எதுவும் இல்லை. கோட் வைத்திருந்தது தைவான். குளிர்ந்திருக்கக்கூடியது எங்கட வீடு. பார்க்கக்கூடியவரும் அனுபவிப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால், பார்க்கக்கூடியவருக்குப் பார்க்க வேண்டிய அவசரம் இராது.

அந்த இடைவெளியை இப்போது சட்டம் மூடப் பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பர் 10 இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே மென்பொருளோ மென்பொருள் உள்ள பெட்டியோ விற்கிற உற்பத்தியாளர், யாராவது பாவித்துக்கொண்டிருக்கிற ஓட்டைகளை 2026 செப்டெம்பர் 11 முதல் அறிவிக்க வேணும். முழுக் கடமைகளும் 2027 டிசம்பர் 11 முதல். மறுபக்கம், டென்மார்க்கின் நிஸ்2 சட்டம் 2025 ஜூலை 1 முதல் முக்கிய சேவை வழங்குபவர்களிடம், உங்கட சப்ளையர்களின் பாதுகாப்பும் உங்கட பொறுப்பு என்கிறது. "அந்தப் பெட்டி இருந்ததே தெரியாது" என்ற மறுமொழி இனிச் செல்லாது.

திங்கட்கிழமைக்கு ஐந்து வேலை

கோட் எழுதுகிற வேலையில் இருப்பவர்கள், படித்துக்கொண்டு புரொஜெக்ட் செய்பவர்கள், இருவருக்கும் பொருந்தும்.

1. பழைய கோட் முழுவதையும் முதல் நாளே ஸ்கான் பண்ண வேண்டாம். ஆயிரக்கணக்கில் எச்சரிக்கை வரும், ரீம் அன்றைக்கே மனம் விட்டுவிடும். இன்று முதல் மாறுகிற வரிகளில் மட்டும் தொடங்குங்கோ. பழையதை மாதத்துக்கு ஒரு மூலையாகக் கூட்டலாம்.

2. விதிகளைக் குறையுங்கோ. கட்டளைக்குள் வெளியாள் எழுத்து, டேட்டாபேஸ் கேள்விக்குள் வெளியாள் எழுத்து, கோட்டுக்குள் மறந்துவிட்ட பாஸ்வேர்ட். இந்த மூன்றும் போதும் தொடங்க. செம்கிரெப்பைக் காசில்லாமல் பாவிக்கலாம். கித்ஹப்பில் திறந்த புரொஜெக்ட் வைத்திருந்தால் கோட்கியூஎல்லும் இலவசம். சி எழுதுபவருக்கு ஜிசிசியின் 10 ஆம் பதிப்பில் இருந்து அதுக்குள்ளேயே ஒரு அனலைசர் இருக்கிறது.

3. ஒரு விதியாவது நீங்களாக எழுதுங்கோ. ரீமோடு இருந்து, "எங்கட சிஸ்டத்தில் எது வெளியே போனால் நாளைக்குப் பேப்பரில் வருவம்?" என்று கேளுங்கோ. வருகிற மறுமொழிதான் உங்கட முதல் விதி. மருந்துப் பட்டியலோ, சிபிஆரோ, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விலாசமோ, அது உங்களுக்குத்தான் தெரியும்.

4. அடக்குகிற ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் காரணம், பெயர், திரும்பப் பார்க்க வேண்டிய திகதி. மூன்றும் இல்லாவிட்டால் அடக்க விடாதீர்கள்.

5. கோட் கையில் இல்லாத இடத்தில் கேள்வியைக் கையில் எடுங்கோ. வாங்குகிற சாமானின் சப்ளையரிடம், "உங்கட கோட்டை எதைக்கொண்டு சோதிக்கிறீர்கள், கண்டதை எத்தனை நாளில் திருத்துவீர்கள், அந்தத் திருத்தத்தை யார் போடுவது?" என்று எழுத்தில் கேளுங்கோ. மூன்றாவது கேள்விக்கு முன்கூட்டியே மறுமொழி இருந்திருந்தால், 2023 மே மாதத்தில் அந்த 22 இல் எத்தனையோ தப்பியிருக்கும்.

கருவிக்கான கணக்கை ஆனசன் முப்பது வருஷத்துக்கு முதல் இந்த நாட்டில் எழுதி, யாரும் வாசிக்கலாம் என்று வைத்துவிட்டுப் போனார். பொறிவண்டும் இலவசம். தட்டுப்பாடு கருவிக்கு இல்லை. "எங்கட வீட்டில் எது சாமி அறை" என்று உட்கார்ந்து யோசித்து எழுதித் தருகிற ஆளுக்குத்தான் தட்டுப்பாடு. இதை வாசிக்கிற உங்களில் பலர் அந்த ஆளாக இருக்கலாம்.

உங்கட ரீமுக்கு எழுதின முதல் விதியை, கொம்பனியின் இரகசியம் எதுவும் இல்லாமல், எங்களுக்கும் ஒரு வரியில் எழுதி அனுப்புங்கோ. நல்லதாக ஐந்தை அடுத்த எபிசோட்டில் வாசிக்கிறம்.